நட்சத்திரம் கூரையில் தொடங்கட்டும்: கிராம வீடுகளும் ஆற்றல் தரமதிப்பீடும்

ஏ.சி., ஃபிரிட்ஜ், மின்விசிறி எது வாங்கப் போனாலும் இன்று நாம் முதலில் பார்ப்பது அதன்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைத்தான். 2006இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கிய ஏற்பாடு அது. மூன்று நட்சத்திரமா ஐந்து நட்சத்திரமா, விலை வித்தியாசம் எத்தனை மாதக் கரண்ட் பில்லில் கழியும் என்று கடையில் நின்றபடியே கணக்குப் போடும் அளவுக்கு மக்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கழித்துக்கட்டும் பொருளுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், ஐம்பது ஆண்டுகள் குடியிருக்கப் போகும் வீட்டைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வீட்டுக்கும் நட்சத்திரக் குறியீடு உண்டு. அது 2019 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. கேள்விப்பட்டவர்கள்தாம் மிகக் குறைவு.

இந்தக் கட்டுரை மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. வீட்டின் ஆற்றல் திறனை நம் நாட்டில் எப்படி அளக்கிறார்கள்? அந்த அளவுக்குள் யாருடைய வீடு வருகிறது, யாருடையது வெளியே நிற்கிறது? விழுப்புரம் போன்ற ஊரகத் தன்மை மிகுந்த மாவட்டத்தில் வீடுகளுக்குத் தரமதிப்பீடு கொண்டுவந்தால் எதை, யார் அளக்க வேண்டும்? மின்சாரச் செலவை மட்டும் அளக்கும் தரமதிப்பீடு நம் கிராமங்களுக்குப் பயன்படாது என்பது என் முடிவு. ஏ.சி. இல்லாத வீட்டில் மே மாத இரவில் எத்தனை டிகிரி வெக்கையில் ஒரு குடும்பம் படுத்து எழுகிறது என்பதை அளக்க வேண்டும். அதை அளக்கத் தொடங்கினால் முதலில் கண் போகும் இடம் கூரை.

சட்டம் வந்த வழி

எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001இல் நிறைவேறியது. 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் செயல்படத் தொடங்கியது. 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் விதித்தொகுப்பு வந்தது. அலுவலகம், ஓட்டல், மருத்துவமனை, வணிக வளாகம் போன்றவை அதன் இலக்கு. வீடுகளின் முறை வர மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின. 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பின் முதல் பகுதி வெளியானது. அது சுவர், சன்னல், கூரை ஆகிய வெளிக்கூட்டைப் பற்றியது. விளக்கு, லிஃப்ட், பம்ப் போன்ற மின்னமைப்புகள் 2021இல் வந்த அடுத்த பகுதியில் சேர்ந்தன. 2022இல் திருத்தப்பட்ட சட்டம், 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்பு மின்சுமை உள்ள குடியிருப்புக் கட்டடங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. வேண்டுமானால் மாநிலங்கள் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

வரம்புகளை உற்றுப் பார்த்தால் யார் வெளியே நிற்கிறார்கள் என்பது தெரியும். 2018 விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. சென்னைக் கணக்கில் அது இரண்டேகால் கிரவுண்ட், கிராமக் கணக்கில் பன்னிரண்டு சென்டுக்கும் மேல். சென்னை நந்தனத்தைச் சுற்றிப் பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளை இடித்து எழுப்பும் அடுக்குமாடிகள் இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். மூன்று சென்ட் பட்டாவில் அரசு உதவியோடு ஒருவர் கட்டும் முந்நூறு சதுர அடி வீடு எந்த நாளும் தாண்டாது. நட்சத்திரக் குறியீட்டுக்குப் பரப்பளவு தடையில்லை என்றாலும், அதை விரும்பிக் கேட்பவருக்கே தருகிறார்கள். வீட்டை விற்க விளம்பரம் தேவைப்படும் கட்டுநருக்கு அதைக் கேட்கக் காரணம் உண்டு. தன் வீட்டைத் தானே கட்டிக் குடியேறும் விவசாயக் கூலிக்கு என்ன காரணம் இருக்கிறது?

மூன்று எண்கள்

ஆயினும் ஈகோ நிவாஸ் சம்ஹிதாவை ஒதுக்கிவிட முடியாது. சிமுலேஷன் மென்பொருள் இல்லாமல், கையில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டே சரிபார்க்கும்படி அதை எழுதியிருக்கிறார்கள். அதில் மூன்று எண்கள் முக்கியமானவை.

முதலாவது, சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவும் உள்ளே வரும் வெப்பம். வெளிப்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட அதே அளவு தடிமனுள்ள ஏ.ஏ.சி. (காற்றூட்டிய இலகு கான்கிரீட்) பிளாக் சுவர் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே கடத்தும். மேற்குச் சுவரில் சன்ஷேட் இல்லாமல் வைத்த பெரிய கண்ணாடி சன்னல் இந்த எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

இரண்டாவது, கூரை. ஒரு சதுர மீட்டர் கூரையில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது கடக்கும் வெப்பத்தை யூ மதிப்பு என்பார்கள். அது 1.2 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு 3க்கும் மேல்.

மூன்றாவது, காற்று. சென்னை உட்படத் தமிழகச் சமவெளியின் பெரும்பகுதி சேரும் வெப்ப ஈர மண்டலத்தில், திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஐந்து தட்பவெப்ப மண்டலங்களிலும் இங்கேதான் இந்த விகிதம் அதிகம். வியர்வை காயக் காற்றோட்டம் வேண்டும் என்பது காரணம். இதில் ‘திறக்கக்கூடிய’ என்ற நிபந்தனை முக்கியம். கீல் வைத்த சன்னல் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். நகரத்து அடுக்குமாடிகளில் இப்போது எங்கும் காணும் இரட்டைத் தட்டு ஸ்லைடிங் சன்னல் பாதிதான் திறக்கும், கணக்கிலும் பாதியாகத்தான் ஏறும். முந்நூறு சதுர அடி வீட்டுக்கு ஐம்பது சதுர அடித் திறப்பு வேண்டும். முன்வாசல், பின்வாசல் இரண்டும் வைத்து எதிரெதிரே சன்னல் போட்டிருந்த பழைய வீடுகள் இதை எளிதாக நிறைவு செய்தன. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிக் கட்டும் புதிய வீடுகளுக்கு இது எட்டாமல் போகிறது.

பில் குறைந்தால் நல்ல வீடா?

விதித்தொகுப்பு வீட்டின் உடம்பை அளக்கிறது. நட்சத்திரக் குறியீடு அளப்பது வேறு. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற எண்ணை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார்கள். எண் குறையக் குறைய நட்சத்திரம் கூடும்.

இந்த அளவுகோலைக் கிராமத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வழக்கமான மின்விசிறி ஒன்று 75 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எனவே ஒரு விசிறி, நாலைந்து எல்.இ.டி. விளக்கு, டி.வி. உள்ள வீட்டுக்குப் பில் வருவதே அபூர்வம். உண்மையான செலவை வைத்து நட்சத்திரம் கொடுத்தால், தகர ஷீட் போட்ட ஒற்றை அறையும் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடும். வறுமையைத் திறன் என்று எண்ணி மதிப்பெண் போட்ட கதைதான்.

உண்மைச் செலவை விட்டுவிட்டு, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பயன்பாடு இருப்பதாக வைத்துக் கணக்கிடலாம். தரமதிப்பீட்டு முறைகள் பொதுவாக அப்படித்தான் செய்கின்றன. அப்போது ‘படுக்கையறையை இத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தால் எவ்வளவு மின்சாரம் ஆகும்’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். மத்திய அரசு 2019இல் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்தின்படி அப்போது நாட்டில் ஏ.சி. இருந்த வீடுகள் நூற்றுக்கு எட்டு. மற்ற வீடுகளில் குளிர்விக்கவே போவதில்லை எனும்போது அந்த விடையால் அவர்களுக்கு என்ன பயன்?

ஏ.சி. இல்லாத இடத்தில் மனிதர் எந்த வெப்பத்தைத் தாங்குகிறார் என்பதற்கு நம் நாட்டிலேயே அறிவியல் அடிப்படை இருக்கிறது. அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழகம் ஐந்து நகரங்களின் அலுவலகக் கட்டடங்களில் ஆய்வு செய்து இந்தியாவுக்கென ஒரு தகவமைப்பு வசதி மாதிரியை உருவாக்கியது. அந்த ஐந்தில் சென்னையும் ஒன்று. காற்றோட்டமும் விசிறியும் உள்ள கட்டடங்களில் இந்தியர்கள், மேலைநாட்டு அளவுகோல்கள் சொல்வதைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் வசதியாக இருக்கிறார்கள் என்று அது காட்டியது. 2016இல் வந்த தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்த மாதிரியை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் ஒரு வீட்டின் உள்வெப்பம் அந்த வசதி வரம்பை ஆண்டில் எத்தனை மணி நேரம் தாண்டுகிறது என்று எண்ணலாம். யூனிட் கணக்கைவிட நம் கிராமங்களுக்கு இந்த மணிக்கணக்கே பொருந்தும்.

தலைக்கு மேல் அடுப்பு

விழுப்புரமும் சென்னையும் வட அட்சரேகை 12, 13 டிகிரியில் இருக்கின்றன. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. மாடி இல்லாத தனி வீட்டில் அந்த வெயில் முழுவதையும் வாங்குவது கூரைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முந்நூறு சதுர அடிக் கூரை ஏறக்குறைய 28 சதுர மீட்டர். வெயிலும் காற்றும் சேர்ந்து கூரைக்கு மேல் உண்டாக்கும் வெப்பம், வீட்டுக்குள் இருப்பதைவிட 25 டிகிரி கூடுதல் என்று கொள்வோம். யூ மதிப்பு 3.3 உள்ள வெறும் கான்கிரீட் தளம் வழியாக 2,300 வாட் வெப்பம் இறங்கும். விதித்தொகுப்பு கேட்கும் 1.2 இருந்தால் இறங்குவது 840 வாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3,500 வாட்தான் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை உடனே விடுவதில்லை. பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பி, சாப்பிட்டு, பாய் விரிக்கும் நேரமும் அதுதான். அப்போது விசிறியைப் போட்டால் கூரைக்கடியில் தேங்கிய அனல் காற்றைத்தான் அது கீழே தள்ளும்.

நம் கட்டடக் கலைக்கு இது தெரிந்தே இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில் மர உத்தரங்களின் மேல் சிறு செங்கல்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கைத் தட்டிக் கெட்டித்து, தட்டோடு பதித்து முடிப்பார்கள். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். கான்கிரீட் வந்த பிறகும் சென்னைக் கொத்தனார்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்று அந்த ஜல்லிச் சுண்ணாம்பு அடுக்கைத் தளத்தின்மேல் போட்டுவந்தார்கள். கிராமத்தில் கீற்றுக்கூரையும் நாட்டு ஓடும் வெப்பத்தைத் தேக்காமல் காற்றை ஊடுருவ விட்டன. இதைச் சொல்வது கீற்றுக்குத் திரும்பச் சொல்வதற்கு அல்ல. ஒரு தீப்பொறியில் தெருவே எரிந்ததும், ஐப்பசி மழையில் இரவெல்லாம் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்ததும் அந்தக் கூரைகளுக்குக் கீழேதான். கான்கிரீட் வீடு வேண்டும் என்று ஏழைகள் கேட்டது நியாயம். அதைக் கட்டிக்கொடுத்த அரசுகள் செய்ததும் நியாயம். குளிர்ச்சி மட்டும் அந்த மாற்றத்தில் விட்டுப்போயிற்று.

அரசுத் திட்டங்களின் வரிசை இதைச் சொல்லும். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கப் புறப்பட்டது. 2011இல் முதலமைச்சரின் சூரியசக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற இலக்குடன் வந்தது. முந்நூறு சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகள், மழைநீர் சேகரிப்பு. ஒரு மாநில அரசு ஏழையின் வீட்டையும் ஆற்றலையும் சேர்த்து யோசித்த அரிய முயற்சி அது. ஆனால் விளக்குக்கு யோசித்தவர்கள் வெக்கைக்கு யோசிக்கவில்லை. 2016இல் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம் 25 சதுர மீட்டர் வீட்டுக்கு உதவி தரத் தொடங்கியபோது, கான்கிரீட் கூரைக்கென்று தனியாகக் கூடுதல் தொகையைத் தமிழக அரசு சேர்த்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகளை, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாயில் கட்டுவதை இலக்காகக் கொண்டது. கூரைக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ‘கூரை குளிர்ந்ததா’ என்ற நிபந்தனையைச் சேர்ப்பது ஒன்றே மிச்சம்.

பிறர் பட்ட பாடு

வீட்டுத் தரமதிப்பீட்டில் நமக்கு முன்னால் போன நாடுகள் எங்கே இடறின என்பதும் நமக்குப் பாடம். பிரிட்டனில் 2007 முதல் படிப்படியாக, வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையிலான ஆற்றல் சான்றிதழ் வேண்டும். 2018 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘இ’ தரத்துக்குக் கீழுள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. இந்த முறையில் அதிகம் அடிபட்டவை கிராமப்புற வீடுகள். மதிப்பெண் எரிபொருள் செலவைப் பொறுத்தது. குழாய் எரிவாயு எட்டாத ஊர்களில் எண்ணெயும் சிலிண்டர் வாயுவும் எரிப்பதால், அதே தரமுள்ள வீடு நகரத்தில் இருந்திருந்தால் வாங்கும் மதிப்பெண்ணைக் கிராமத்தில் வாங்குவதில்லை. பழைய திடச் சுவர்களை அளந்து பார்க்காமல், அவை இவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று வைத்திருந்த அனுமான எண் உண்மையைவிட மோசமாக இருந்தது பின்னாளைய அளவீடுகளில் தெரிந்து, அதைத் திருத்தவும் வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் 1993 முதல் நட்சத்திர முறை இருக்கிறது. குளிர் நகரங்களை மனத்தில் வைத்து உருவான அந்த முறை, வெப்பமண்டல வடபகுதியில் தூண்களின்மேல் உயர்த்தி, எல்லாப் பக்கமும் காற்று புகக் கட்டிய வீடுகளுக்கு உரிய மதிப்புத் தருவதில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அடைத்துக் குளிர்விக்கும் பெட்டிக்கு நல்ல மதிப்பெண்ணும், திறந்து காற்று வாங்கும் வீட்டுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கிடைக்கும் ஆபத்து நமக்கும் இருக்கிறது.

இந்த இரண்டு அனுபவங்களும் விழுப்புரத்துக்குப் பொருந்தும். மரக்காணத்தில் பிற்பகல் கடற்காற்று உண்டு. அதே மாவட்டத்தின் செஞ்சியில் பாறைக் குன்றுகள் வெயிலில் காய்ந்து ஊரையே சுடவைக்கும். தேசிய வரைபடத்தில் இரண்டும் ஒரே மண்டலம். அனுமான எண்ணை நம்பி அலுவலகத்தில் உட்கார்ந்து மதிப்பிட்டால் செஞ்சிக்காரருக்கு அநீதி நடக்கும். அளந்து பார்ப்பதுதான் வழி.

தென்மாநிலம் ஒன்று எளிய இடத்தில் தொடங்கியிருக்கிறது. தெலங்கானா 2023இல் ஐந்தாண்டுக் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களுக்கும் அரசு கட்டிக்கொடுக்கும் எளியோர் வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு நிவாரணம் தர அது வழிசெய்கிறது. உயிர் போகாமல் காக்கும் கூரையையும் அதே அக்கறையோடு பார்ப்பதுதானே முறை?

யார் அளப்பது, எப்படி?

அரசு வீடு கட்டும் பயனாளிக்குப் பணம் ஒரே தவணையில் வருவதில்லை. அடித்தளம், லிண்டல், கூரை, நிறைவு எனக் கட்டம் கட்டமாக ஒன்றிய அலுவலக ஓவர்சீயர் வந்து பார்த்து, செல்போனில் படம் எடுத்து ஏற்றிய பிறகே அடுத்த தவணை கிடைக்கும். தரமதிப்பீட்டுக்குத் தனியாக ஒரு படையைத் திரட்ட வேண்டாம், இந்த வருகைகளே போதும். லிண்டல் கட்டத்தில் சன்னல் எதிரெதிரே இருக்கிறதா, திறப்பு ஆறில் ஒரு பங்கு வருகிறதா என்று டேப்பால் அளக்கலாம். கூரைக் கட்டத்தில் மேலடுக்கு என்ன, வெள்ளைப் பூச்சா, ஜல்லிச் சுண்ணாம்பா, கூல் டைல்ஸா என்று குறிக்கலாம். மேற்குப் பக்கம் சன்ஷேடோ திண்ணையோ மரமோ நிழல் தருகிறதா என்று பார்க்கலாம். நிறைவுக் கட்டத்தில் 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி இருந்தால் கூடுதல் மதிப்பெண் தரலாம். இரண்டு விசிறி ஓடினாலும் அந்த வீடு நூறு யூனிட்டுக்குள் நிற்கும்.

இவற்றோடு ஓர் அளவீடும் வேண்டும். மாவட்டத்தில் சில ஊராட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு வகைக் கூரைக்கும் சில வீடுகளில், மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பரப்பு வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கருவிகள் விலை உயர்ந்தவை அல்ல. மாவட்டத்துப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களே செய்துவிடலாம். அப்படி வரும் எண்கள்தாம் மதிப்பெண்ணை உண்மையோடு கட்டிப்போடும்.

துணைக்கு அறிவும் அருகிலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த ஆரோவில் மண் கட்டடக் கழகம் 1989 முதல், சுடாத அழுத்த மண்கல்லில் கட்டும் முறையைக் கற்றுத் தருகிறது. புதுச்சேரியில் 1937இல் தொடங்கிக் கட்டப்பட்ட கோல்கொண்டே விடுதி, காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சட்டங்களாலும், தளத்தின்மேல் இடைவெளிவிட்டுப் போர்த்திய வளைந்த கான்கிரீட் ஓடுகளாலும் குளிரூட்டி இல்லாமலே குளுமை காக்கிறது. இரண்டாவது கூரை ஒன்றைப் போர்த்தும் அந்த உத்தி, தளத்தின்மேல் பந்தல் போடும் நம் வழக்கத்துக்குத் தூரமானதல்ல.

மறுப்புகள்

செலவு கூடும் என்பது முதல் மறுப்பு. மூன்றரை லட்ச ரூபாய் வீட்டில் ஒவ்வோர் ஆயிரமும் கணக்குத்தான். ஆனால் தொடக்கப் படியான வெள்ளைப் பூச்சு எந்த ஊரிலும் கிடைக்கும் சுண்ணாம்பில் செய்யக்கூடியது. வெப்பத்தடுப்பு அடுக்கு செலவு பிடிக்கும். அதை ஏழையின் தலையில் கட்டாமல் கூரைத்தொகையில் சேர்ப்பது அரசின் பொறுப்பு.

இன்னொரு சான்றிதழ், இன்னொரு அலைச்சல் என்ற அச்சம் இரண்டாவது. அது நியாயமானது. அதனால்தான் இந்த மதிப்பீடு பயனாளிக்குத் தடையாக இருக்கக் கூடாது. மதிப்பெண் குறைந்தது என்று எவருடைய தவணையையும் நிறுத்தக் கூடாது. மதிப்பிடப்படுவது திட்டமும் அதன் வரைபடமும்தான். ஓர் ஒன்றியத்தின் வீடுகள் தொடர்ந்து குறைந்த மதிப்பெண் வாங்கினால், மாற வேண்டியது மாதிரி வரைபடம்.

கட்டாயம் என்றால் பெயரளவில் செய்துவிட்டுப் போவார்கள் என்பது மூன்றாவது. 2003இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்த ஓர் உத்தரவு மாநிலம் முழுவதும் வீடு கட்டும் முறையையே மாற்றியது. பராமரிக்காத குழிகள் பின்னர் தூர்ந்ததும் உண்மை. வெள்ளைக் கூரைக்கும் அதே கதி நேரலாம். தூசி படிந்தால் அதன் பலன் குறையும். எனவே மறுபூச்சு செலவைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழக்கம் இன்னும் மறையாத ஊர்களில், அதைக் கூரை வரை நீட்டச் சொல்வது பெரிய வேண்டுகோள் அல்ல.

செய்ய வேண்டியது

நந்தனத்தை அடுத்த சி.ஐ.டி. நகருக்குப் பெயர் தந்தது 1947இல் தொடங்கிய நகர மேம்பாட்டு அமைப்பு. அதுவே 1961இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் ஆனது. அரசே பெருமளவில் வீடு கட்டும் மரபு நமக்கு அவ்வளவு பழையது. கட்டுபவர் அரசாக இருக்கும் இடத்தில், தரத்தைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவைக்கத் தேவையில்லை.

ஆகவே என் பரிந்துரைகள் மூன்று. ஒன்று, அரசுப் பணத்தில் கட்டும் ஒவ்வொரு ஊரக வீட்டையும், மனையின் பரப்பு எதுவாக இருந்தாலும், கூரை, காற்று, நிழல் என்ற மூன்று தலைப்புகளில் மதிப்பிட வேண்டும். இரண்டு, மின்சார யூனிட்டோடு, வசதி வரம்பைத் தாண்டும் வெப்ப மணிநேரத்தையும் நட்சத்திரத்தின் அளவுகோலாக்க வேண்டும். மூன்று, கூரைக்கு யூ மதிப்பு 1.2 என்ற தேசிய வரம்பைக் கனவு இல்லம் திட்டத்தின் மாதிரி வரைபடத்திலேயே எழுதி, அதற்கான தொகையையும் கூரைத் தலைப்பில் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றாவது ஒன்றை மட்டும் செய்தாலும், 2030க்குள் கட்டி முடிக்க எண்ணும் வீடுகளில் இன்னும் தளம் போடாத அத்தனை வீடுகளுக்கும் அது பலன் தரும். ஒருமுறை தளம் போட்டுவிட்டால் அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு அதன் கீழ்தான் உறங்கும். அந்தத் தளம் கொட்டும் நாளுக்கு முன்பே முடிவெடுப்பதுதான் மலிவு, அதுவே அறமும்.